கர்னல் டிரைவரைச் சுத்தம் செய்வது: வரி நடையும் லாக் வரியும் ஒரே வேலைதானா?

செக்காலையான்

காரைக்குடியில் நாங்கள் சில மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் நிரலைப் படித்து வருகிறோம். படித்தது போதும், ஏதாவது பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பிப் பார்க்கலாம் என்று, ஸ்டேஜிங் அடைவில் ஒரு டிரைவரை (சாதனத்தை இயக்கும் நிரலை) எடுத்திருக்கிறோம். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கே யாராவது முந்திக்கொள்வார்கள்.

கோப்பின் மேல், நிரல் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஓட்டியதும் திரை நிறைய எச்சரிக்கை. டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ், வரி முடிவில் வெற்றிடம், இஃப்-க்குப் பின் தேவையில்லாத அடைப்பு, நீளமான வரிகள், அப்புறம் எங்கு பார்த்தாலும் லாக் செய்தி அச்சிடும் வெறும் பிரிண்ட்கே. எல்லாவற்றையும் சரிசெய்து, பிரிண்ட்கே-க்களை, அதையே சுருக்கமாக அழைக்கும் பிஆர்_ வகை மேக்ரோக்களாக மாற்றி, ஒரே பேட்ச்சாக அனுப்பலாம் என்று இருக்கிறோம். அனுப்புவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஏற்றுக்கொள்வார்களா?

கண்டனூர் கர்னல்

ஒரே பேட்ச்சாக அனுப்பினால் பார்க்காமலே திருப்பி அனுப்புவார்கள் தம்பி. ஒரு பேட்ச்சில் ஒரு வகை மாற்றம் மட்டும் இருக்க வேண்டும். வெற்றிடம் நீக்குவது ஒன்று, அடைப்புக்குறி ஒன்று, மாறிகளின் பெயர் இன்னொன்று. மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒரு நாளில் எத்தனையோ பேட்ச் பார்ப்பவர். "வரி முடிவு வெற்றிடம் மட்டும்" என்று நீங்கள் சொன்னால், அதை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போய்விடுவார். ஐந்து வகையைக் கலந்தால் ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டும்.

ஸ்டேஜிங்கைத் தேர்ந்தெடுத்தது சரி. 2008-ல் அதைத் தொடங்கியதே தரம் இன்னும் வராத டிரைவர்களை உள்ளே வைத்துத் தேற்றுவதற்குத்தான். ஒவ்வொரு டிரைவர் அடைவிலும் டூடூ என்று, செய்ய வேண்டியதைப் பட்டியலிடும் ஒரு கோப்பு இருக்கும், செக்பேட்ச்சுக்கு முன் அதைப் படியுங்கள். ஸ்டேஜிங்குக்கு வெளியே, ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோப்புகளுக்கு நடைத் திருத்தம் மட்டும் அனுப்பினால் வரவேற்பு இருக்காது. வெறும் நடைத் திருத்தத்தை இரைச்சலாகத்தான் பார்ப்பார்கள் என்று கர்னலின் சொந்த ஆவணமே எழுதி வைத்திருக்கிறது.

நீளமான வரிகளைப் பற்றி ஒன்று. 80 எழுத்து என்பது இன்றும் விரும்பப்படும் எல்லைதான். ஆனால் 2020 மே மாதத்தில் செக்பேட்ச் எச்சரிக்கும் அளவை 100-க்கு உயர்த்திவிட்டார்கள், 80-க்குள் அடக்குவதற்காக நிரலைக் கண்டபடி ஒடித்து வாசிக்க முடியாமல் செய்தவர்கள் அவ்வளவு பேர். எல்லை எதுவாக இருந்தாலும் லாக் செய்தியின் சரத்தை (எழுத்துத் தொடரை) மட்டும் இரண்டாக ஒடிக்காதீர்கள். அந்த ஒரு விஷயத்தில் 150 எழுத்துக்கு வரி போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கர்னல் லாக்கைக் காட்டும் டிமெசேஜில் பார்த்த செய்தியை அப்படியே கிரெப் செய்து (சொல்லைத் தேடி) நிரலில் கண்டுபிடிக்க முடிய வேண்டும். சரம் ஒடிந்திருந்தால் கிரெப்பில் சிக்காது.

பள்ளத்தூர்ப் பூனை

நான் கொஞ்சம் எதிர்த்தரப்பில் நிற்கிறேன். இந்தச் சுத்தம் செய்யும் பேட்ச்களில் பாதி, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "கர்னலில் என் கமிட் (பதிவான மாற்றம்) இருக்கிறது" என்று எழுதிக்கொள்ளத்தான். அதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் செலவு யார் தலையில் என்று பாருங்கள்.

எங்கள் ஐயா எழுதிய பர்மாக் கணக்குப் பேரேடுகள் வீட்டில் இன்னும் இருக்கின்றன. கையெழுத்து கோணல் என்பதற்காகப் பழைய பக்கத்தை யாரும் புதிதாகப் படியெடுத்து ஒட்டியதில்லை. எந்த வரி எந்தத் தேதியில் யார் கையால் விழுந்தது என்பதும் கணக்கில் சேர்த்திதான். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டால் பழுதுக்குக் காரணமான கமிட் வர வேண்டிய இடத்தில் "டேப் சரிசெய்தேன்" என்று ஒருவர் வந்து நிற்கிறார்.

அடுத்தது பேக்போர்ட். இன்று மேல்நிலையில் (முதன்மைக் கர்னலில்) ஒரு நிஜப் பழுதைத் திருத்துகிறார்கள். அதைப் பழைய பதிப்புகளைப் பராமரிக்கும் ஸ்டேபிள் கிளைக்குக் கொண்டுபோகும்போது, இடையில் யாரோ வரிகளை இடம் மாற்றியிருந்தால் பொருந்தாது, கையால் பொருத்த வேண்டும். அந்த நடைத் திருத்தத்தையும் சேர்த்து ஸ்டேபிளுக்கு எடுத்துப்போகலாமா என்றால் அதற்கும் வழியில்லை. எழுத்துப்பிழை, வெற்றிடம் போன்ற அற்பத் திருத்தம் ஸ்டேபிளில் கூடாது, பேட்ச் சூழல் வரிகளோடு சேர்த்து 100 வரியைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது.

சுத்தம் செய்துகொண்டே இருந்தால் டிரைவர் தேறிவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. லஸ்டர் கோப்பு முறைமை 2013-ல் ஸ்டேஜிங்குக்குள் வந்தது. எவ்வளவோ பேர் எவ்வளவோ பேட்ச் போட்டார்கள். நிஜமான வளர்ச்சி வெளியே வேறொரு மரத்தில் நடந்துகொண்டிருந்தது, கடைசியில் 2018-ல் மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள்.

ரஸ்தா ரூட்

பூனை சொல்வதில் பிளேம் விஷயத்தைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பிளேமுக்கு வெற்றிடத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் விருப்பக்குறி இருக்கிறது. குறிப்பிட்ட கமிட்களைத் தாண்டிப் பார் என்றும் சொல்லலாம். பேக்போர்ட் தொல்லை உண்மை, அதற்கு மருந்தில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. செக்காலையான் தம்பி பட்டியலில் ஐந்தாவதாக, போகிற போக்கில், "பிரிண்ட்கே-க்களை மாற்றி" என்று எழுதியிருக்கிறார். சர்வர்களைக் கவனித்துக்கொள்வது என் பிழைப்பு. டேப்பை ஸ்பேஸ் ஆக்கினாலும் ஸ்பேஸை டேப் ஆக்கினாலும் எனக்குத் தெரியப்போவதே இல்லை. லாக் வரியில் ஒரு சொல்லை மாற்றினால் எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு டிஸ்க் பிழைச் செய்தியை வைத்து எச்சரிக்கை மணி அடிக்க ஏற்பாடு செய்திருந்தோம். கர்னலைப் புதுப்பித்தபோது அந்தச் செய்தியின் சொற்களை யாரோ அழகாக்கியிருந்தார்கள். டிஸ்க் போய்க்கொண்டே இருந்தது, மணி அடிக்கவில்லை.

லாக் வாசகம் மாறாது என்று கர்னல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, அது தெரியும். ஆனாலும் நடைமுறையில் உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறோம். பெரிய நிறுவனங்களுக்கும் இதே தலைவலி இருந்ததால்தான் கர்னலின் 5.15 பதிப்பில் பிரிண்ட்கே இன்டெக்ஸ் என்று ஒரு வசதி வந்தது. கர்னலில் உள்ள எல்லா லாக் சரங்களையும் எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த நிலை என்பதோடு டீபக்எஃப்எஸ் என்ற சோதனைக் கோப்பு முறைமையில் வரிசையாகக் காட்டும். இரண்டு பதிப்புகளின் பட்டியலை ஒப்பிட்டால் எது மாறியது என்று புதுப்பிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

செக்காலையான்

நன்றி அக்கா. அப்படியென்றால் நடைத் திருத்தங்களைத் தனித்தனிப் பேட்ச்களாகப் பிரிக்கிறேன், கடைசியில் லாக் மாற்றத்துக்கு ஒன்று. செய்தியின் சொற்களைத் தொட மாட்டேன். கெர்ன்_எர்ர் என்ற நிலைக் குறி இருந்தால் பிஆர்_எர்ர், கெர்ன்_டீபக் இருந்தால் பிஆர்_டீபக் என்று பெயரை மட்டும் மாற்றினால் போதும் அல்லவா? அதை எடிட்டரிலேயே தேடி மாற்றிவிடலாம்.

கண்டனூர் கர்னல்

> பெயரை மட்டும் மாற்றினால் போதும் அல்லவா?

இங்கேதான் நிற்க வேண்டும். செக்பேட்ச் இரண்டையும் ஒரே பட்டியலில் காட்டுவதால் இரண்டும் ஒரே வேலை மாதிரித் தெரிகிறது. நடைத் திருத்தம் என்றால் கம்பைலர் முன்பு உருவாக்கிய அதே எந்திர நிரலைத்தான் இப்போதும் உருவாக்க வேண்டும். லாக் திருத்தம் அப்படி இல்லை, நிரல் செய்கிற வேலையையே அது மாற்றுகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பிஆர்_எர்ர், பிஆர்_வார்ன், பிஆர்_இன்ஃபோ ஆகியவற்றில் பெரிய ஆபத்து இல்லை, அதே பிரிண்ட்கே-யைத்தான் அதே நிலையில் அழைக்கின்றன. ஒரே வித்தியாசம் பிஆர்_எஃப்எம்டி. கோப்பின் தலையில், ஹெடர்களைச் சேர்க்கும் முன்பே, அதை வரையறுத்தால் எல்லாச் செய்திக்கும் முன்னால் மாட்யூல் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். பழைய சரத்தில் ஏற்கெனவே டிரைவர் பெயரைக் கையால் எழுதியிருப்பார்கள். அதை எடுக்காமல் விட்டால் டிமெசேஜில் பெயர் இரண்டு முறை வரும். எடிட்டரில் தேடி மாற்றியவர்களை இதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பிஆர்_டீபக் சங்கதி வேறு. கெர்ன்_டீபக் போட்ட பிரிண்ட்கே எப்போதும் ஓடும். கன்சோலில் தெரியாமல் போகலாம், ஆனால் லாக் பஃபரில் (நினைவகத்தில் லாக் சேரும் இடத்தில்) விழும். பிஆர்_டீபக் அப்படி இல்லை. டீபக் வரையறுக்கப்படாமலும் ஓடும்போதே டீபக் வரிகளைத் திறந்து மூடும் டைனமிக் டீபக் இல்லாமலும் கம்பைல் செய்தால் அந்த வரியே இருக்காது. டைனமிக் டீபக் இருந்தால் வரி இருக்கும், யாராவது அதைத் திறந்துவிடும் வரை தூங்கும். சாதனம் வைத்திருக்கும் ஒருவர் நேற்று வரை டிமெசேஜில் பார்த்துக்கொண்டிருந்த தகவல், உங்கள் பேட்ச்சுக்குப் பிறகு வராது. பெரும்பாலும் அதுதான் நாம் விரும்புவதும். ஆனால் கமிட் செய்தியில் "நடத்தையில் மாற்றமில்லை" என்று எழுதினால் பொய்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. உங்கள் டிரைவரில் டீபக் வரிகளின் ஆர்க்யுமென்ட்களில் ஏதாவது ஃபங்ஷன் அழைப்பு இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் மேலே பேசலாம்.

செக்காலையான்

இருக்கிறது அண்ணே. இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (சாதனம் சிபியு-வைக் கூப்பிடும்போது ஓடும் ஃபங்ஷனுக்குள்) ஒரு வரி. கெர்ன்_டீபக் நிலையில் "இன்டரப்ட் நிலை இவ்வளவு" என்று பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் அச்சிடுகிறது. அந்த எண்ணை ஒரு மாறியிலிருந்து எடுக்கவில்லை. சிப்பின் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படிக்கும் ஃபங்ஷனை பிரிண்ட்கே-யின் அடைப்புக்குள்ளேயே அழைத்திருக்கிறார்கள்.

கண்டனூர் கர்னல்

அதே அதே. சிப்பின் டேட்டாஷீட்டை எடுத்து, அந்த ரிஜிஸ்டர் படித்தாலே அழிகிற வகையா என்று பாருங்கள். பல சிப்களில் இன்டரப்ட் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படிப்பதுதான் "கேட்டுவிட்டேன், கையைக் கீழே போடு" என்று சொல்லும் வழி. அந்தப் படிப்பு இந்த டிரைவரில் லாக் வரிக்குள் மட்டும்தான் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிஆர்_டீபக் ஆக்கியதும் ஆர்க்யுமென்ட் மதிப்பிடப்படாது, ரிஜிஸ்டர் படிக்கப்படாது, இன்டரப்ட் அடங்காது. கொஞ்ச நேரத்தில் கர்னல் "யாரும் கவனிக்கவில்லை" என்று அந்த இன்டரப்ட் கோட்டையே மூடிவிடும், இல்லையென்றால் சிபியு அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். செக்பேட்ச் இதைப் பார்க்காது. கம்பைலரும் வாய் திறக்காது.

அழியாத வகையாக இருந்தாலும் ரிஜிஸ்டர் படிப்புக்கு வேறு பயன் உண்டு. பிசிஐ பஸ்ஸில் எழுதியது உடனே சாதனத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில்லை, வழியில் தங்கும். அதே சாதனத்திலிருந்து ஒன்றைப் படித்தால் தங்கியிருந்த எழுத்துகள் முதலில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். லாக் வரியில் இருந்த படிப்பு இந்த வேலையைத் தெரியாமலே செய்துகொண்டிருக்கும்.

ஆகவே முறை இதுதான். முதல் பேட்ச்சில் அந்த அழைப்பை லாக் வரிக்கு வெளியே தனி வாக்கியமாக எடுத்து, மதிப்பை ஒரு மாறியில் வையுங்கள். ஏன் என்று கமிட் செய்தியில் எழுதுங்கள். அதற்குப் பிறகு தனிப் பேட்ச்சில் பிஆர்_டீபக். இன்னும் சரியாகச் சொன்னால் பிஆர்_டீபக் கூட வேண்டாம், டெவ்_டிபிஜி. டிரைவர் கையில் டிவைஸ் சுட்டி இருக்கும்போது பிஆர்_ குடும்பத்துக்குப் போகத் தேவையில்லை. டெவ்_ குடும்பம் எந்த டிரைவர், எந்தச் சாதனம் என்று இரண்டையும் முன்னால் சேர்த்துவிடும். ஒரே வகை கார்டு இரண்டு செருகியிருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று ரஸ்தா அக்காவைக் கேளுங்கள். நெட்வொர்க் டிரைவர் என்றால் நெட்டெவ்_ குடும்பம் அதற்கும் ஒரு படி மேல்.

புதுவயல் பட்டறை

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் பிரிண்ட்கே என்றதும் கை சும்மா இருக்கவில்லை.

இங்கே புதுவயலில் அரிசி ஆலைகளுக்கு எடை பார்க்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுக்கிறேன். உள்ளே ஒரு ஆர்ம் போர்டு, லினக்ஸ் ஓடுகிறது. போர்டு விற்றவர் கொடுத்த கர்னலில் அவர்களே எழுதிய ஒரு டிரைவர், ஒவ்வொரு மாதிரி எடுக்கும்போதும் ஒரு வரி அச்சிடும். மேசையில் வைத்துப் பார்த்தால் அருமையாக ஓடியது. ஆலையில் வைத்தால் மூட்டை எடை தாறுமாறு, மாதிரிகள் நடுநடுவே காணாமல் போயின.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். சீரியல் கன்சோல் 115200 பாட். ஒரு எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டோடு 10 பிட் என்றால் நொடிக்கு 11,520 எழுத்து. 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிநொடி. ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டிய பெட்டி, 7 மில்லிநொடி கன்சோலுக்கு எழுத்து தள்ளிக்கொண்டு நின்றால் எடை எங்கிருந்து வரும்? மேசையில் ஏன் ஓடியது என்றால், அங்கே கன்சோல் நிலையைக் குறைத்து வைத்திருந்தேன், செய்தி பஃபரோடு நின்றுவிட்டது.

கம்பெனியைக் கேட்டால் "அது வெறும் லாக்தானே சார்" என்றார்கள்.

ரஸ்தா ரூட்

"வெறும் லாக்தானே" என்பவர்களுக்குச் சொல்ல நல்ல எடுத்துக்காட்டு. கர்னலை நிகழ்நேர வேலைக்கு ஏற்றதாக்கும் பிரீம்ப்ட் ஆர்டி பேட்ச்கள் எத்தனையோ ஆண்டு வெளியே இருந்துவிட்டு 6.12-ல், 2024-ல்தான் முழுதாக உள்ளே வந்தன. கடைசி வரை வழியை அடைத்துக்கொண்டிருந்தவற்றுள் ஒன்று இந்தப் பிரிண்ட்கே-தான். ஒரு வரி அச்சிடுவதற்காகச் சிபியு காத்திருக்கக் கூடாது, ஆனால் எந்திரம் விழும் கணத்தில் அந்த வரி வெளியே வந்துமிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு லாக் பஃபரையே பூட்டு இல்லாத வடிவில் திரும்ப எழுதினார்கள், அது 5.10-ல் வந்தது. கன்சோல் பக்கம் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

கானாடுகாத்தான் வாசகன்

எனக்கு அடிப்படைக் கேள்வி, சிரிக்காதீர்கள். மற்ற நிரல்கள் மாதிரி கர்னலும் ஒரு கோப்பில் எழுதிவிட்டுப் போகலாமே? எதற்கு பஃபர்?

கண்டனூர் கர்னல்

கோப்பு வேண்டுமானால் கோப்பு முறைமை வேண்டும், அதற்கு டிஸ்க் டிரைவர் வேண்டும், அந்த டிரைவரே பிழை என்று கத்தும்போது எதில் எழுதுவது? அதனால் நினைவகத்தில் ஒரு வட்டப் பஃபர். வழக்கமான அமைப்பில் 128 கேபி. நிறைந்தால் பழையது அழியும், வெளியே உள்ள நிரல் அதைப் படித்துக் கோப்பில் சேர்க்கும். 128 கேபி என்பதால்தான் வளவளப்பான டிரைவர் கெடுதல். கணினி தொடங்கியபோது வந்த முக்கியமான பிழையை, "நான் வந்துவிட்டேன், நான் தூங்கினேன், நான் எழுந்தேன்" என்று ஒரு வைஃபை டிரைவர் உருட்டித் தள்ளிவிடும். ஒழுங்காக ஓடும் டிரைவர் வாய் திறக்கக் கூடாது என்பது கர்னல் வட்டாரத்தில் பழக்கம்.

பள்ளத்தூர்ப் பூனை

அப்படியானால் எதற்கு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்? அழித்துவிடுங்கள். ஸ்டேஜிங் டிரைவர்களில் "இந்த ஃபங்ஷனுக்குள் நுழைந்தேன், வெளியேறினேன்" என்பதுதான் பாதி. அதற்கு எஃப்டிரேஸ் இருக்கிறது. ஒரு வரி எழுதாமல் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடியது என்று காட்டும், செக்பேட்ச்சே அதைச் சொல்லும்.

நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று ஒவ்வொரு கேமெல்லாக்-குக்குப் பிறகும் ஒரு செய்தி வைத்திருப்பார்கள், அதுவும் வேண்டாம். ஒதுக்கீடு தோற்றால் கர்னலே அழைப்பு அடுக்கோடு பெரிய அறிக்கை கொடுக்கும். அதற்குக் கீழே "நினைவகம் இல்லை" என்று ஒரு வரி சேர்த்து யாருக்கு என்ன லாபம்?

முன்னுதாரணமும் உண்டு. ரியல்டெக்கின் ஆர்டிஎல்8723பிஎஸ் டிரைவர் 2017-ல் ஸ்டேஜிங்குக்கு வந்தபோது தனக்கென்று சொந்த லாக் மேக்ரோக்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. 2021-ல் உட்கார்ந்து அவற்றைக் கிட்டத்தட்ட மொத்தமாக நீக்கினார்கள். டிரைவர் ஓடாமல் போய்விடவில்லை.

ரஸ்தா ரூட்

நுழைந்தேன், வெளியேறினேன் வகை போகட்டும், மாலை போட்டு அனுப்பி வைக்கிறேன். பிழைச் செய்திகளில் கை வைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். "ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை எண் இது" என்கிற வரியை வளவளப்பு என்று தூக்கிவிட்டால், வைஃபை வராத எந்திரத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே போய்த் தேடுவேன்? அந்த ரியல்டெக் சுத்திகரிப்பிலும் சிலவற்றை அழிக்காமல் நெட்டெவ்_ வகைக்கு மாற்றித்தான் காப்பாற்றினார்கள்.

பள்ளத்தூர்ப் பூனை

பிழைச் செய்தி இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டீபக் வரிகளை "என்றாவது உதவும்" என்று டெவ்_டிபிஜி ஆக்கிப் பரணில் போட்டு வைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுதியவரைத் தவிர யாருக்கும் அவை புரிவதில்லை, எழுதியவரோ போய்விட்டார்.

கண்டனூர் கர்னல்

இதில் நான் பூனை பக்கம் முக்கால், அக்கா பக்கம் கால். எந்த டீபக் வரி ஹார்டுவேரிலிருந்து வந்த ஒரு மதிப்பைக் காட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம், வேறு வழியில் அந்த மதிப்பைப் பார்ப்பது கடினம். மற்றதெல்லாம் போகலாம்.

இன்னும் சில, விட்டுப்போனவை. சாதனத்தைக் கண்டதும் ஓடும் புரோப் ஃபங்ஷனில் பிழைச் செய்தி இருந்தால் டெவ்_எர்ர்_புரோப் பயன்படுத்துங்கள், 5.9-ல் வந்தது. கிளாக்கோ ரெகுலேட்டரோ இன்னும் தயாராகவில்லை என்றால் புரோப் −517 என்று திரும்பும். அதற்குப் பொருள் "கொஞ்சம் பொறு, திரும்ப வருகிறேன்" என்பதுதான். பழைய பாணியில் டெவ்_எர்ர் போட்ட டிரைவர்கள் ஒவ்வொரு முறையும் −517 என்று சிவப்பில் அலறும், பார்ப்பவர் போர்டு கெட்டுவிட்டது என்று நினைப்பார். புதியது அந்த எண்ணை மட்டும் டீபக் நிலைக்குத் தாழ்த்தி, காரணத்தையும் குறித்து வைக்கும்.

சரத்தின் முடிவில் புதுவரிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த துண்டு வருமோ என்று கர்னல் காத்திருக்கும், செய்தி தாமதமாக வெளியே வரும்.

நினைவக முகவரியைச் சதவீதம்-பி (%p) என்ற அச்சுக் குறி கொண்டு அச்சிடும் வரிகள் இருந்தால், 4.15 முதல் அது நிஜ முகவரியைக் காட்டாது, குழப்பிய எண்ணைத்தான் காட்டும். கர்னல் நினைவகத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காகச் செய்தது. சிலர் அதை நிஜ முகவரி காட்டும் சதவீதம்-பிஎக்ஸ் ஆக்கி "சரிசெய்து" அனுப்புகிறார்கள். செய்யாதீர்கள், அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

பாக்கெட் பாதையில், வெளியாள் தூண்டக்கூடிய இடத்தில் பிழைச் செய்தி இருந்தால் ரேட்லிமிட்டெட் வகை. இயல்பாக 5 நொடிக்கு 10 செய்தி, அதற்கு மேல் விழுங்கிவிடும்.

செக்காலையான்

டேட்டாஷீட் கிடைத்தது அண்ணே. படித்தால் அழியும் வகைதான். ஆனால் ஹேண்ட்லரில் நாலு வரி கீழே அதே ரிஜிஸ்டரை மறுபடியும் படித்து, வந்த மதிப்பை வைத்து வேலை பார்க்கிறார்கள்.

கண்டனூர் கர்னல்

அப்படியானால் கதை தலைகீழ். லாக் வரி முதலில் படித்து அழித்துவிடுகிறது, இரண்டாவது படிப்புக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான் கிடைக்கும். அதாவது இன்று அந்த டிரைவர் சில நிகழ்வுகளைத் தவறவிட்டுக்கொண்டிருக்கக் கூடும். உங்கள் மாற்றம் ஒரு பழுதைத் திருத்துகிறது. இதை "சுத்தம் செய்தல்" என்று தலைப்பிட்டு அனுப்பாதீர்கள், பழுதுத் திருத்தமாக அனுப்புங்கள். முதலில் ஒருமுறை படித்து மாறியில் வைத்து இரண்டு இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். இது ஸ்டேபிளுக்கும் போகத் தகுதி உள்ளது. ஆகவே தொடரில் இதுவே முதல் பேட்ச்சாக இருக்கட்டும், வெற்றிடத் திருத்தங்களுக்குக் கீழே புதைந்து கிடக்க வேண்டாம். புதைந்தால் பூனை சொன்ன பேக்போர்ட் தொல்லை உங்கள் பேட்ச்சுக்கே வரும்.

பள்ளத்தூர்ப் பூனை

சரி, இந்த ஒரு பேட்ச்சுக்கு என் வாழ்த்து. மற்றதற்கு இன்னும் இல்லை.

செக்காலையான்

நடைப் பேட்ச்கள் எதையும் உடைக்கவில்லை என்று எப்படிக் காட்டுவது? "கம்பைல் ஆகிறது" என்று மட்டும் சொன்னால் போதுமா?

கண்டனூர் கர்னல்

அதைவிட நன்றாகச் செய்யலாம். பேட்ச்சுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அந்தக் கோப்பைக் கம்பைல் செய்து, இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகளையும் ஆப்ஜ்டம்ப் கொண்டு பிரித்து ஒப்பிடுங்கள். ஒரே மாதிரி இருந்தால் கமிட் செய்தியில் அதை ஒரு வரியில் சொல்லுங்கள், பேட்ச்சை ஏற்கும் மெயின்டெய்னருக்குப் பாதி வேலை மிச்சம். டீபக் தகவலை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், அதில் வரி எண்கள் இருக்கும். வார்ன்_ஆன், டைனமிக் டீபக் போன்றவையும் வரி எண்ணைச் சேமிக்கும், ஆகவே வரிகள் மேலும் கீழும் நகர்ந்தால் அந்த அட்டவணைகள் மாறுவது இயல்பு. நிரல் பகுதி மாறக் கூடாது.

லாக் பேட்ச்சுக்கு இந்தச் சோதனை செல்லாது, எப்படியும் மாறும். அதற்குச் சாதனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாதனம் இல்லையென்றால் "கம்பைல் மட்டும் செய்து பார்த்தது" என்று வெளிப்படையாக எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இன்டரப்ட் ஹேண்ட்லரைத் தொடும் பேட்ச்சை அப்படி அனுப்புவதை நான் விரும்ப மாட்டேன்.

செக்காலையான்

எங்களிடம் அந்தச் சிப் இல்லை. புதுவயல் அண்ணனுக்குத் தனிச்செய்தியில் பெயரை அனுப்பியிருக்கிறேன்.

தொடர் இப்போது இப்படி இருக்கிறது: ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை ஒரே முறை படிப்பது முதலில். அப்புறம் நுழைந்தேன்-வெளியேறினேன் வரிகளையும், நினைவகம் இல்லை என்ற செய்திகளையும் நீக்குவதற்குத் தனித்தனியே. அப்புறம் மீதியை டெவ்_ குடும்பத்துக்கு மாற்றுவது. வெற்றிடமும் அடைப்புக்குறியும் கடைசியில், அதுவும் முதல் தொடரை ஏற்றுக்கொண்ட பிறகு தனியாக.

ரஸ்தா ரூட்

நல்ல வரிசை. பிழைச் செய்திகளின் சொற்கள் ஏதாவது மாறினால் பழையது, புதியது இரண்டையும் கமிட் செய்தியில் எழுதிவிடுங்கள். தேடுகிறவர்களுக்கு அங்கேயாவது சிக்கும். இரண்டாம் பதிப்பு அனுப்பும்போது என்ன மாற்றினீர்கள் என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுத வேண்டும், கமிட் செய்திக்குள் வேண்டாம். மின்னஞ்சல் வெறும் உரையாகப் போகிறதா என்று ஒருமுறை உங்களுக்கே அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுவயல் பட்டறை

செய்தி பார்த்தேன் தம்பி. அந்தச் சிப் உள்ள போர்டு ஒன்று பட்டறையில் சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி வரும்போது எடுத்து வருகிறேன். சீரியல் கேபிள் நீங்கள் கொண்டு வாருங்கள், 3.3 வோல்ட் உள்ளதாக இருக்கட்டும். 5 வோல்ட் கேபிளைச் செருகினால் போர்டு போய்விடும், என்னிடம் வேறு இல்லை.